சேவல் துணி

அண்ணி,

நேற்று சாயங்காலம் பேத்தி கவிதா பீடோங் பசாரிலிருந்து பருப்பு வடை வாங்கி வந்தாள். கடைக்காரன் அதை ஒரு வண்ண விளம்பரத் தாளில் சுருட்டிக் கொடுத்திருந்தான். பிரித்துப் பார்த்தால், மேலே இருந்த வடையின் வயிற்றில் சிவப்பாக ஒரு திட்டு. தாளில் அச்சடித்திருந்த தக்காளிப் படம் சூட்டிலும் எண்ணெயிலும் கழன்று வடையில் ஏறியிருந்தது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பிட்டு வாயில் போடப் போனேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாட்டி, தின்னாதீங்க லா! சாயம் ஒட்டியிருக்கு பாருங்க."

"எண்ணெயில வெந்ததுடி. கொதிக்கிற எண்ணெயில எது மிஞ்சும்?"

"சாயம் என்ன கிருமியா, வெந்து சாகறதுக்கு?"

"சப்பான்காரன் காலத்துலயே சாகாதவ நான். ஒரு வடைக்கா சாகப்போறேன்?"

அவள் சிரித்தாள். ஆனால் வடையை என் கையிலிருந்து எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டாள். கவிதா எங்கே வேலை செய்கிறாள் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போகும்போது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். இப்போது கூலிமில், பிஸ்கட்டுக்கும் மீ நூடுல்ஸ் பாக்கெட்டுக்கும் உறை அச்சடிக்கிற தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள். பட்டம் வாங்கியவள். நான் ஐந்தாம் வகுப்பு, என் பேத்தி பட்டதாரி. இதைப் பத்து பேரிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. உங்களிடமும் சொல்லிவிட்டேன்.

வேலை என்னடி என்று கேட்டால், அச்சடித்த உறையைத் துண்டு போட்டுப் புளிப்புத் தண்ணீரிலும் எண்ணெயிலும் ஊற வைப்பார்களாம். ஊறிய பிறகு, எவ்வளவு சாயம் அதில் இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார்களாம்.

"புளிப்பும் எண்ணெயும்தான் பாட்டி சாயத்த இழுக்கும். ராத்திரி பூரா ஊறினா இன்னும் இழுக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனா வெளுத்துப்போற சாயம் எங்கயாச்சும் போயாகணும்ல? திங்கிற பொருளுக்குள்ளதான் போகும்."

அவள் வேறு என்னவோ சொல்லிக்கொண்டே போனாள். எனக்கு அதற்கு மேல் காதில் ஏறவில்லை. எனக்கு முன்னால் உங்கள் கை வந்து நின்றது, அண்ணி. ஈரத் துணியை முறுக்குகிற கை. மறுமுனையில் என் கை.

*

நீங்கள் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டுத் திகாம் பத்துப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தபோது எனக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. நாத்தனார் என்று ஒரு சுண்டெலி வீட்டில் இருக்கிறதே என்று நீங்கள் முகம் சுளித்திருக்கலாம். சுளிக்கவில்லை. வந்த மறுநாளே என் தலையைப் பிடித்துப் பேன் பார்த்தீர்கள். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. பால்வெட்டில் உங்கள் மர நிரைக்கு ஆண்களே பின்தங்கினார்கள். எழுத்து மட்டும் வரவில்லை. கோயில் அறிவிப்போ, மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஒட்டிய சீட்டோ, எதைக் கண்டாலும் என்னைக் கூப்பிடுவீர்கள்.

"படி பாப்பா. எழுத்துன்னா எனக்கு வெறும் மை. நீ வாயத் தொறந்தாத்தான் அது பேசும்."

எனக்கு அதில் எவ்வளவு பெருமை! தமிழில் இருந்தால் கணீரென்று படிப்பேன். இங்கிலீஷில் இருந்தால் எனக்கும் அது வெறும் மைதான். அதை மட்டும் உங்களிடம் ஒத்துக்கொள்ளாமல், "அது தொரைமாருக்கு எழுதினது, நமக்கு இல்ல" என்று சொல்லிவிடுவேன். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது சப்பான்காரன் வந்தான். பள்ளிக்கூடம் மூடியது. என் படிப்பு அத்தோடு சரி.

வெள்ளைக்காரத் துரை காரில் ஏறி ஓடிய அன்று தோட்டத்து ஜனம் முழுக்க ஸ்டோருக்குள் புகுந்தது. அரிசி, கருவாடு, பால் டின் என்று கிடைத்ததை அள்ளினார்கள். அண்ணன் கடைசியாகப் போனார். அவர் எப்போதும் கடைசிதான். ஒரு மூலையில் கிடந்த வெறும் துணிப் பையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். மேட்டு வீட்டு அங்கம்மா நம் லயத்து வரிசை வாசலில் நின்று கைதட்டிச் சிரித்தது நினைவிருக்கிறதா?

"எல்லாரும் அரிசி மூட்டைய தூக்கிட்டு வர்றான். உன் புருசன் மூட்டைய மட்டும் தூக்கிட்டு வர்றான். அரிசிய எவளுக்குடி கொடுத்தான்?"

நீங்கள் விடவில்லை. பையை உதறி விரித்துக் காட்டினீர்கள். தட்டு அகலத்துக்கு ஒரு சிவப்புச் சேவல். கொண்டையும் வாலும் நெருப்பாய் இருந்தன. அதன் காலடியில் இங்கிலீஷ் எழுத்து.

"என் வீட்டுல சேவல் கூவும் அக்கா. ஒங்க வீட்டு அரிசி கூவுமா?"

அந்தப் பையில் முன்பு என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. மாவாக இருக்கும் என்றார் ஒருவர், விதை என்றார் இன்னொருவர். வாசம் எதுவும் இல்லை. நீங்கள் சும்மா விடுகிற ஆளா? சாம்பல் தண்ணீரில் ஊற வைத்து, கொதிக்க வைத்து, கல்லில் அடித்து, வெயிலில் போட்டீர்கள். துணி தும்பைப் பூவாய் வெளுத்தது. சேவல் மட்டும் அசையவில்லை. "பார்த்தியா பாப்பா, சாயம் போகாத துணி. ஒசந்த துணி" என்றீர்கள். தையலைப் பிரித்து அகலமாக்கி மடித்துப் பெட்டியில் வைத்தீர்கள். ஊரே கோணிச் சாக்கை இடுப்பில் சுற்றத் தொடங்கிய பிறகும் அந்தத் துணியை நீங்கள் உடுத்தவில்லை. நல்லதற்கு ஆகும் என்றீர்கள்.

*

அப்புறம் லாரி வந்தது. சயாமில் சப்பான்காரன் ரயில் பாதை போடுகிறான், கொஞ்ச நாள் வேலை, அரிசி தருவார்கள் என்று கங்காணி பேரைக் கூப்பிட்டார். அண்ணன் பெயரும் இருந்தது. உங்கள் பிள்ளை வேலு அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான். அண்ணன் லாரியில் ஏறி நின்று கீழே இருந்த உங்களைப் பார்த்துச் சொன்னது எனக்கு இன்றும் கேட்கிறது.

"அழுவாத. புள்ளைய நடக்க வெச்சு வை. நான் திரும்பி வர்றப்ப அவன் லாரிக்கிட்ட ஓடி வரணும்."

"ஓடி வருவான். நீங்க மொதல்ல வாங்க" என்றீர்கள்.

அந்த ஒரு வாக்குக்காகத்தான் அதற்குப் பிறகு நீங்கள் மூச்சு விட்டீர்கள். எனக்குத் தெரியும். நான் பசிக்கிறது என்று அழுதால் அதட்டுவீர்கள். வேலு முனகினால் எழுந்து உட்கார்ந்துவிடுவீர்கள்.

அரிசி நின்றது. ரப்பர் நிரைகளுக்கு நடுவே மரவள்ளி போட்டோம். காலையும் மரவள்ளி, மாலையும் மரவள்ளி. உப்பு கிடைத்தால் உப்போடு, இல்லாவிட்டால் வெறும் கிழங்கு. உங்களுக்குத் தாய்ப்பால் வற்றிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் தோட்டத்தின் அடுத்த டிவிஷனில் ஒரு குடும்பமே கசப்பு மரவள்ளி தின்று செத்தது. மதியம் தின்றார்கள், பொழுது சாய்வதற்குள் வாயில் நுரை தள்ளிப் போய்ச் சேர்ந்தார்கள். நாம் போய்ப் பார்த்தோம். குழந்தைகளை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். திரும்பி நம் வாசலுக்கு வந்ததும் சொன்னீர்கள்.

"எம் புள்ள வாயில அந்த நஞ்சு போவாது, பாப்பா. என்ன பாடுபட்டாலும் சரி."

மறுநாள் பெட்டியைத் திறந்து சேவல் துணியை எடுத்தீர்கள். நல்லதற்கு ஆகும் என்று வைத்திருந்தீர்களே, அந்த நல்லது அதுதான்.

உங்கள் ஊர்க் கைப்பக்குவம் அது. கிழங்கின் மேல் தோலுக்கு அடியில் ரோஜா நிறத்தில் இன்னொரு தோல் இருக்குமே, அதில்தான் நஞ்சு என்று உங்கள் அம்மா சொல்லியிருந்தார்கள். அதை நகம் வலிக்க உரிப்பீர்கள். ஆணியால் ஓட்டை போட்ட தகரத்தில் கிழங்கைத் துருவுவோம். துருவலைத் துணியில் மூட்டையாகக் கட்டிப் பானைத் தண்ணீருக்குள் இறக்கி, இரவெல்லாம் ஊற விடுவோம். புளித்தால்தான் நஞ்சு முறியும் என்பீர்கள். காலையில் மூடியைத் திறந்தால் புளிச்ச வாடை குப்பென்று வரும். பிறகு மூட்டையைத் தூக்கி ஒரு முனையை நீங்கள் பிடிக்க, மறுமுனையை நான் பிடிக்க, எதிரெதிராக முறுக்குவோம். பால் போல மாவுத் தண்ணீர் கொட்டும். தெளிய வைத்தால் அடியில் மாவு தங்கும்.

அந்தத் தெளிந்த தண்ணீரில்தான் அண்ணி, லேசாக ஒரு சிவப்பு ஓடியது. மாவின் மேலும் பூத்தாற்போல ஒரு சாயல். நீங்கள் பானையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தீர்கள்.

"தோல் நஞ்சு. இன்னும் இறங்கல. இன்னொரு தண்ணி விடு, பாப்பா."

மாவைக் கரைத்து மறுபடி அதே துணியில் ஊற்றி, மறுபடி முறுக்கி, மறுபடி தெளிய வைத்தோம். சிவப்பு இருக்கிறவரை நஞ்சு இருக்கிறது என்பது உங்கள் கணக்கு. தோட்டத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். வேலுவின் கஞ்சிக்கு மட்டும் இந்தப் பாடு. நீங்களும் நானும் அவித்த கிழங்கைத்தான் தின்றோம். அவனுக்கு வேண்டியது சுத்தம்.

அங்கம்மா வேலி ஓரம் நின்று பார்த்துவிட்டுப் போகும்.

"புள்ளைக்குக் கஞ்சி காச்சறியா, இல்ல கோயிலுக்கு அபிசேகமா? எம் புள்ளைங்க அவிச்ச கெழங்க மண்ணோட திங்குதுங்க. கல்லு மாதிரி இருக்குதுங்க."

"ஒங்க புள்ளைங்க கல்லு. எம் புள்ள புள்ள" என்பீர்கள்.

*

வேலு முதன்முதலில் பேசிய வார்த்தை அம்மா இல்லை. கொக்கோ. கொடியில் காயும் துணியைப் பார்த்து, சேவலை நோக்கிக் கையை நீட்டி, கொக்கோ, கொக்கோ என்பான். ஒருநாள் காலை துணி காற்றில் ஆடியது. அவன் கதவு நிலையைப் பிடித்து எழுந்தான். எழுந்தவன் நிலையை விட்டுவிட்டு நடந்தான். தத்தித் தத்திப் போய்ச் சேவலின் காலை எட்டிப் பிடித்து, ஈரத் துணியை முகத்தோடு சேர்த்துக்கொண்டு சிரித்தான். நீங்கள் துருவிக்கொண்டிருந்த தகரத்தைப் போட்டுவிட்டு ஓடினீர்கள். உங்கள் விரலில் ரத்தம். அதைப் பார்க்கவே இல்லை.

"நடந்துட்டான் பாப்பா! இனிமே அவங்க வர்றதுதான் பாக்கி."

அந்த ஒரு காலைப் பொழுதை எடுத்துவிட்டால் அந்த மூன்றரை வருஷத்தில் நாம் சிரித்தது வேறு எதுவும் எனக்கு நினைவில் இல்லை.

சேவல் வெளுக்கத் தொடங்கியது. முதலில் வாலின் நுனி, பிறகு கொண்டை. ஊறுவதும் முறுக்குவதுமாக இருந்தால் எந்தச் சாயம்தான் நிற்கும் என்று நாம் நினைத்தோம். வெயிலில் போகிறது என்றும் நினைத்தோம். அங்கம்மா அதையும் விடவில்லை. "என்னடி, ஒன் சேவலுக்கு றெக்க உதிருது? கொழம்புக்குக்கூட ஆவாது போல." நீங்களும் சிரித்தீர்கள். "வயசாச்சு அக்கா அதுக்கு."

சேவலுக்கு வயசாக ஆக வேலுவுக்கு வயிற்று வலி வந்தது. காலைச் சுருட்டிக்கொண்டு வீறிடுவான். வெளிக்கும் போகமாட்டான். முகம் மெழுகு போல ஆனது. நடந்த பிள்ளை மறுபடி உட்கார்ந்தான். உட்கார்ந்த பிள்ளை சாய்ந்தான். கையைத் தூக்கினால் மணிக்கட்டிலிருந்து தொங்கியது. கொக்கோ என்பதையும் மறந்துபோனான். கிடந்தபடியே கொடியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பான்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கிற டிரெஸ்ஸர் இருந்தார், மருந்து இல்லை. வயிற்றை அமுக்கிப் பார்த்தார். நல்ல மனுஷர்தான். அவருக்கே கால் வீங்கியிருந்தது.

"கெழங்கு சேரலம்மா இவனுக்கு. வேற என்ன குடுக்கச் சொல்லுவேன்? இருக்கறதக் குடு. நல்லாக் கழுவிக் குடு."

நாம் நன்றாகக் கழுவினோம். உங்களுக்குப் பயம் கூடக் கூட, ஊறுகிற நேரமும் கூடியது. முன்பெல்லாம் இரவுதான். பிறகு பகலும் சேர்ந்து ஊறியது. இன்னொரு தண்ணி. அப்புறமும் இன்னொரு தண்ணி. என் உள்ளங்கையில் தோல் உரிந்தது. கடைசியில் மாவு பச்சரிசி மாவு போல வெள்ளை வெளேரென்று வந்தது. சிவப்புச் சாயல் துளியும் இல்லை. நீங்கள் அதை விரலால் தொட்டுப் பார்த்து, "இறங்கிருச்சு பாப்பா. நஞ்செல்லாம் இறங்கிருச்சு. இனிமே தேறிடுவான்" என்றீர்கள்.

அதன் பிறகு அவனுக்குக் கை கால் வெட்டி இழுப்பு வந்தது. ஒருநாள் காலை, வெயில் ஏறும் நேரத்தில், உங்கள் மடியில் இழுத்து இழுத்து ஓய்ந்தான்.

*

சுற்றிப் போட லயம் முழுக்கத் தேடினோம். எல்லார் வீட்டிலும் கோணி, கிழிசல். அங்கம்மாதான் சொன்னது, "அந்தச் சேவல் துணி இருக்குதுல்ல? அது ஒண்ணுதான் இந்த லயத்துல நல்ல துணி." கொடியிலிருந்து எடுத்து வந்தார்கள். விரித்துப் பார்த்தபோது சேவலைக் காணோம். எங்கே இருந்தது என்று தெரிந்தவர்களுக்கு மட்டும் ஒரு நிழல் தெரியும். நல்ல வெள்ளைத் துணி என்று எல்லோரும் சொன்னார்கள். நீங்கள்தான் அவனைச் சுற்றினீர்கள். அவனுக்குப் பிடித்த சேவல் அவன் நெஞ்சுப் பக்கம் வரும்படி பார்த்துச் சுற்றினீர்கள். ஆற்றோரம் புதைத்தோம்.

மறுநாள் பைப்படியில் அங்கம்மாவின் குரல். நாம் குடத்தோடு வருவது தெரிந்துதான் பேசியதா, தெரியாமல் பேசியதா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

"என்னதான் கழுவினாளோ. கெழங்கு நஞ்சு சரியா இறங்கல. அவசரக்காரி. இல்லன்னா எம் புள்ளைங்களுக்கு வராதது அதுக்கு எப்படி வரும்?"

எப்போதும் வெட்டிப் பதில் சொல்கிற வாய் உங்களுடையது. நீங்கள் பதில் சொல்வீர்கள் என்று நான் காத்திருந்தேன். நீங்கள் குடத்தை வைத்துவிட்டு உங்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். பிறகு என்னிடம், யாருக்கும் கேட்காதபடி, "கழுவினது பத்தல, பாப்பா" என்றீர்கள்.

பிறகு சப்பான்காரன் சண்டை முடிந்தது. சயாமிலிருந்து திரும்பிய ஒருவர் அண்ணன் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் அழவில்லை. "நல்லது. வந்து கேட்டா என்ன சொல்லுவேன்?" என்றீர்கள். ஒரு பெண் தன் புருஷன் செத்ததற்கு நல்லது என்று சொன்னதை நான் கேட்டேன். அதன் அர்த்தம் எனக்குத்தான் தெரியும் என்பதால் வேறு யாரிடமும் சொல்லவில்லை.

எனக்குக் கல்யாணமாகிப் பீடோங்குக்கு வந்தபோது உங்களையும் கூட்டிக்கொண்டு வந்தேன். என் வீட்டில் நீங்கள் செய்யாத வேலை இல்லை. விறகு பிளந்தீர்கள், கோழி வளர்த்தீர்கள், என் பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தலை சீவி விட்டீர்கள். ஆனால் ஒரு குழந்தையின் வாயில் உங்கள் கையால் ஒரு கவளம் வைக்கவில்லை. அடுப்பு என்னுடையது. உலையில் போடுகிற அரிசியைக்கூட நீங்கள் தொடமாட்டீர்கள். பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஊட்டு ஊட்டு என்று வந்தால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வீர்கள். கவிதா வரைக்கும் அப்படித்தான். "பெரிய பாட்டிக்கு என்னைப் பிடிக்காது" என்று அவள் ஒருநாள் அழுதாள். நான் அவளுக்கு ஒன்றும் விளக்கவில்லை.

கடைசி நாட்களில் படுக்கையில் கிடந்தபோதும் உங்கள் இரண்டு கையும் எதையோ முறுக்கிக்கொண்டே இருந்தன. போர்வையின் முனையைப் பிடித்து முறுக்குவீர்கள். நான் மறுமுனையைப் பிடித்துக்கொள்வேன். அப்போதும் சொன்னது அதுதான். கழுவினது பத்தல.

*

நேற்று கவிதாவிடம் ஒன்று கேட்டேன், வேறு எதற்கோ கேட்பதுபோல.

"ஏன்டி, அந்தக் காலத்துச் செவப்புச் சாயத்துல என்ன போட்டிருப்பான்?"

"எந்தக் காலம் பாட்டி?"

"வெள்ளக்காரன் காலம். துணிப் பையில படம் போட்டு வருமே."

"எதுல போட்டாங்கன்னு பாக்காம உறுதியா சொல்ல முடியாது பாட்டி. அப்பெல்லாம் செவப்புல ஈயம் கலப்பாங்க. சின்னப் புள்ளைங்களுக்கு ரொம்பக் கெடுதல். வயிறு வலிக்கும், கை கால் விழுந்துரும், இழுப்பு வரும். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்" என்றேன்.

உறுதியாகச் சொல்ல முடியாதாம். பார்ப்பதற்குத் துணி எங்கே? துணி அவனோடு போயிற்று. அந்த ஆற்றங்கரையில் செம்பனை போட்டார்கள், அதையும் வெட்டிவிட்டு இப்போது வீடு கட்டிவிட்டார்கள். ஆனால் கிழங்கு நஞ்சு எப்படிக் கொல்லும் என்று நாம் அடுத்த டிவிஷனில் கண்ணால் பார்த்தோம், அண்ணி. மதியம் தின்றால் மாலைக்குள் முடிந்துவிடும். மாதக்கணக்கில் ஒரு பிள்ளையைத் தேய வைக்காது. இத்தனை வருஷம் அது என் புத்தியில் தட்டவில்லை. யார் புத்தியிலும் தட்டவில்லை. சேவல் எங்கே போயிற்று என்று அந்த நல்ல வெள்ளைத் துணியைப் பார்த்து நாம் யாருமே கேட்கவில்லை.

இரவு முழுக்கப் படுத்துக்கொண்டு இதையே புரட்டினேன். முதலில் ஒரு சந்தோஷம்கூட வந்தது. உங்கள் மேல் பழி இல்லை என்று சொல்லிவிடலாமே! உங்கள் கை அவசரக் கை இல்லை, கழுவினது பத்தாமல் போகவில்லை என்று சொல்லிவிடலாமே! எழுந்து உங்கள் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். வாயைத் திறந்தேன். அப்போதுதான் அடுத்த வாக்கியம் எனக்குத் தெரிந்தது. கழுவினது பத்தாமல் அவன் போகவில்லை என்றால், கழுவியதால்தான் போனான். நீங்கள் ஊற்றச் சொன்ன ஒவ்வொரு தண்ணீரும் அந்தச் சேவலைக் கொஞ்சம் கொஞ்சமாக அவனுக்குள் கரைத்து ஊற்றியது. கழுவாத அங்கம்மாவின் பிள்ளைகள் பிழைத்தார்கள். அவர்களுக்குப் பேரன் பேத்தி எல்லாம் இருக்கிறது. ஒருவன் இங்கே பக்கத்துத் தெருவில்தான் மோட்டார் கடை வைத்திருக்கிறான். இதில் எதை உங்களிடம் ஆறுதல் என்று சொல்வேன்? வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

உங்கள் திதிக்கு ஒவ்வொரு வருஷமும் உங்களுக்கு ஒரு மடல் எழுதி, படத்துக்கு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு வாசிப்பது என் வழக்கம். யார் பிரசவித்தாள், யார் வேலை மாற்றினான் என்று எல்லாம் எழுதுவேன். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும், சிரிப்பார்கள். இந்த வருஷத்து மடல் இது. வயசானாலும் என் எழுத்து இன்னும் முத்து முத்தாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை நான் வாசிக்கப் போவதில்லை. மடித்து உங்கள் படத்துக்குப் பின்னால் வைத்துவிடுவேன். கவிதா கேட்டால் பாட்டிக்குக் கண் தெரியவில்லை என்பேன். ஒரு முனை உங்கள் கையிலும் ஒரு முனை என் கையிலுமாக இத்தனை வருஷம் பிடித்திருந்தோம். இனி இரண்டு முனையையும் நானே பிடித்துக்கொள்கிறேன்.

எழுத்து என்றால் உங்களுக்கு வெறும் மை. நான் வாயைத் திறந்தால்தான் பேசும். திறக்கமாட்டேன், அண்ணி.